லிப்ரவில்லில் ஜாம்பியா: 2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காபோன் நாட்டின் தலைநகர் லிப்ரவில்லில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்கான இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஐவரி கோஸ்ட்: ட்ரோக்பா, யாயா டூரே, கோலோ டூரே, ஜெர்வினோ, காலு, டியோட்டே என்று ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் வரிசை. மறுபக்கம் ஜாம்பியா. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பெரும்பாலானோருக்கு அந்த அணியில் ஒருவருடைய பெயரும் தெரியாது. 120 நிமிடங்கள் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் 8-7 என ஜாம்பியா வென்றது. அந்நாட்டின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை அது.

இந்த வெற்றியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதை விதியின் கதையாகவே எழுதினார்கள். 19 ஆண்டுகளுக்கு முன்பு ஜாம்பியாவின் தேசிய அணி விமான விபத்தில் மொத்தமாக மாண்டது இதே லிப்ரவில் கடற்கரைக்கு அருகில்தான். இறந்தவர்கள் வானிலிருந்து ஆசி வழங்கினார்கள், கோப்பை கிடைத்தது என்று கதை முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கதையின் மீது மரியாதை உண்டு. அதை நம்பி அழுதவர்களின் மீது அதைவிட மரியாதை உண்டு. ஆனால் அது களத்தில் நின்றவர்களின் உழைப்பைப் பறித்து வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. 2012-இல் ஜாம்பியா வென்றதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் இருந்தன. நினைவும் அவற்றில் ஒன்று. அது எந்த இடத்தில் வேலை செய்தது, எந்த இடத்தில் செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தாமிரமும் கால்பந்தும்

ஜாம்பியாவின் தேசிய அணிக்குச் சிப்போலோபோலோ என்று பெயர். தாமிரத் தோட்டாக்கள் என்று அதை விளக்குவார்கள். நாட்டின் வடக்கே, காங்கோ எல்லையை ஒட்டிய தாமிரச் சுரங்க வட்டாரம்தான் அங்கே கால்பந்தின் தாய்வீடு. முஃபுலிரா வாண்டரர்ஸ், நிகானா, கிட்வேயின் பவர் டைனமோஸ் எல்லாம் அங்கே முளைத்த அணிகள். சுரங்க நிறுவனம் வேலை கொடுக்கும், மைதானம் கொடுக்கும், பயண வண்டி கொடுக்கும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று வீழ்த்திய அணி இந்த மண்ணில் விளைந்தது. அன்று மூன்று கோல் அடித்த கலூஷா புவல்யா முஃபுலிராவில் பிறந்தவர். அந்த ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரராகவும் அவரே தேர்வானார்.

சுரங்கம் செழித்தால் கால்பந்து செழிக்கும். எழுபதுகளின் நடுவில் தாமிர விலை சரிந்த பிறகு நாடு கடனில் மூழ்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேசிய அணிக்கு விமான டிக்கெட் வாங்கக்கூடக் கால்பந்துச் சங்கத்திடம் பணம் இல்லை. விமானப்படையின் பழைய பஃபலோ ரகச் சரக்கு விமானத்தில்தான் வீரர்கள் கண்டம் முழுவதும் போய்வந்தார்கள். 1993 விபத்தைப் பேசும்போது இந்த வறுமையிலிருந்து தொடங்குவதே நியாயம். பிறகு நடந்ததெல்லாம் அதன் வழியாகத்தான் வந்தது.

1993 ஏப்ரல் 25 அன்று மொரீஷியஸை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று வென்றுவிட்டு அணி ஊர் திரும்பியது. அடுத்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செனகலுடன் டக்கரில் ஆட்டம். பல மாதங்கள் ஓடாமல் கிடந்து அந்த மாதம்தான் மீண்டும் பறக்கவிடப்பட்டிருந்த அதே விமானம். பிராசவில்லில் இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள், அடுத்து லிப்ரவில்லில். ஏப்ரல் 27 இரவு லிப்ரவில்லிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடது என்ஜினில் தீப்பிடித்தது. களைத்துப்போயிருந்த விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது என்ஜினை அணைத்துவிட்டார். விமானம் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் கடலில் விழுந்தது. அதில் இருந்த 30 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 18 பேர் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் காட்ஃப்ரி சித்தாலு, ஒரு காலத்தில் ஜாம்பியாவின் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரர், அவரும் போனார். விபத்துக்கான காரணத்தைச் சொன்ன காபோன் நாட்டு அறிக்கை வெளிவர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகள்! மகனையும் கணவனையும் இழந்த குடும்பங்களை அவ்வளவு காலம் காக்கவைத்தது விபத்தைப் போலவே பெரிய கொடுமை.

கலூஷா நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்ததால் நேராக டக்கருக்குப் போவதாக இருந்தது. அதனால் உயிர் தப்பினார். சில வாரங்களில் திரட்டப்பட்ட புதிய அணிக்கு அவரே தலைமை தாங்கினார். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற மொராக்கோவில் ஒரு டிரா போதும் என்ற நிலையில் 0-1 என்று தோற்றது அந்த அணி. 1994 ஏப்ரலில் துனிஸ் நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டிக்கே வந்து நின்றது; நான்காவது நிமிடத்தில் லிட்டானா கோலடித்து முன்னிலை கொடுத்தும் நைஜீரியாவிடம் 1-2 என்று தோற்றது. உண்மையில் அந்த 1994 அணியின் சாதனை 2012-ஐ விடக் குறைந்ததில்லை என்பது என் எண்ணம். ஓராண்டுக்குள் ஒன்றுமில்லாததிலிருந்து எழுந்து வந்த அணி அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நினைவு மட்டுமே கோப்பை வாங்கித் தரும் என்றால் 1994-இல் தந்திருக்க வேண்டும். காயம் ஆறாத காலம் அது. 1996-இல் மூன்றாம் இடம் வந்த பிறகோ ஜாம்பியா சரியத் தொடங்கியது. சுரங்கங்கள் தனியார் கைக்கு மாறின, கிளப்புகளுக்கு வந்த பணம் வற்றியது. 2004 போட்டிக்கு அணி தகுதியே பெறவில்லை. 1993-ஐ யாரும் மறந்துவிடவில்லை. மறவாமல் இருந்தும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரே குழு, இரண்டு தவணை

எர்வே ரெனார் 2008-இல் ஜாம்பியாவுக்கு வந்தபோது பெரிய பெயர் இல்லாத பிரெஞ்சுப் பயிற்சியாளர். ஆடிய காலம் முடிந்ததும் துப்புரவு வேலை செய்து பிழைத்தவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் யுனைடெட் போன்ற சிறிய கிளப்பில் வேலை பார்த்தார், கானாவில் குளோத் லெ ருவாவுக்கு உதவியாளராக இருந்தார். 2010 போட்டியில் ஜாம்பியாவைக் காலிறுதி வரை கொண்டுபோனார். 1996-க்குப் பிறகு அந்த நிலையை ஜாம்பியா எட்டியது அப்போதுதான். அங்கே நைஜீரியாவுடன் 0-0. பெனால்டியில் 4-5 என்று தோல்வி. வெற்றிக்கான கடைசி உதையை அடித்தவர் நைஜீரியாவின் கோல்கீப்பர் என்யேமா.

ரெனார் அதன்பிறகு அங்கோலாவுக்குப் போய்விட்டார். இடையில் வந்த இத்தாலியர் டாரியோ பொனெட்டி அணியை 2012 போட்டிக்குத் தகுதி பெறவைத்தார். தகுதி பெற்ற கையோடு பதவி நீக்கம் செய்யப்பட்டார். அது அவருக்கு நேர்ந்த அநியாயம். அதை மறைத்து இந்த வெற்றியைக் கொண்டாடுவது சரியாக இருக்காது. அவர் இடத்துக்கு 2011 அக்டோபரில் ரெனார் திரும்பினார். அப்போது ஜாம்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கலூஷா புவல்யா.

ரெனார் வந்து சில மாதங்களில் கோப்பை வென்றார் என்று சொல்வது பாதி உண்மை. அணியின் எலும்புக்கூட்டை அவர் 2008-லிருந்தே அறிவார். கேப்டன் கிறிஸ் கடோங்கோ, அவர் தம்பி ஃபெலிக்ஸ், கோல்கீப்பர் கென்னடி ம்வீனே, கலாபா, மயூகா, சுன்சு, ஹிமூண்டே, முசோண்டா எல்லோரும் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள். ஐரோப்பாவில் ஆடியவர்கள் மிகச் சிலர். மயூகா சுவிட்சர்லாந்தில், லுங்கு ரஷ்யாவில். மற்றவர்கள் தென்னாப்பிரிக்காவில், எல்லைக்கு அப்பால் லுபும்பாஷியின் டி.பி. மசெம்பே கிளப்பில், சொந்த நாட்டில். கேப்டன் கடோங்கோ ஜாம்பிய ராணுவத்தில் பதவியில் இருந்தவர். அப்போது ஆடிக்கொண்டிருந்தது சீனாவில். அணி சேர்ந்திருக்கும் நாள்கள் அதிகம், விளம்பர ஒப்பந்தங்கள் குறைவு. ஒரு தவறான பாஸ் வந்தால் யார் எங்கே ஓடுவார் என்று சொல்லித் தர வேண்டியதில்லாத கூட்டம்.

ஐவரி கோஸ்டிலோ ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெரியவர்கள். அந்தத் தலைமுறைக்கு அது வயது கடக்கும் முன் கிடைத்த வாய்ப்பு. 2006 இறுதிப் போட்டியில் எகிப்திடம் பெனால்டியில் தோற்ற வலி அவர்களுக்கும் இருந்தது. நம் அனுதாபம் ஜாம்பியா பக்கம் சாய்ந்தாலும் இவர்கள் சுமந்த பாரத்தையும் எடை போட வேண்டும். வெல்லாவிட்டால் வீண் என்று ஒரு நாடே காத்திருக்கும்போது ஆடுவது வேறு வகை ஆட்டம்.

லிப்ரவில்லுக்கு ஒரே ஒரு வழி

2012 போட்டியைக் காபோனும் எக்குவடோரியல் கினியும் சேர்ந்து நடத்தின. ஜாம்பியா இடம்பெற்ற பிரிவின் ஆட்டங்கள் எக்குவடோரியல் கினியில். பிரிவில் முதலிடம் பிடித்தால் காலிறுதி, அரையிறுதி இரண்டும் அங்கேயே, பாட்டா நகரில். அதாவது ஜாம்பியா லிப்ரவில்லில் கால் வைக்க வேண்டுமானால் இறுதிப் போட்டிக்கு வந்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கை அணி முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தது. நினைவு வேலை செய்த இடம் இது என்று நினைக்கிறேன். கோல் அடிக்கும் பலத்தை அது தரவில்லை; போய்ச் சேர வேண்டிய ஓர் ஊரைத் தந்தது. கோப்பை என்பது எல்லா அணிகளுக்கும் ஒன்றுதான். ஊர் இவர்களுக்கு மட்டும் உரியது.

முதல் ஆட்டம் செனகலுடன். 1993-இல் அந்த விமானம் போக இருந்த நாடு. டெம்பா பா, பாப்பிஸ் சிசே என்று பயமுறுத்தும் முன்களம் செனகலுக்கு. 20 நிமிடங்களுக்குள் மயூகாவும் கலாபாவும் கோலடித்தார்கள். 2-1 என்று ஜாம்பியா வென்றது. மழையில் ஊறிப்போய்த் தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் லிபியா இரண்டு முறை முன்னே போனது, இரண்டு முறையும் ஜாம்பியா சமன் செய்தது. மலாபோவில் எக்குவடோரியல் கினியை கடோங்கோவின் ஒரே கோலால் வென்று பிரிவில் முதலிடம். காலிறுதியில் சூடானுடன் 3-0.

அரையிறுதி கானாவுடன், பிப்ரவரி 8. இறுதிப் போட்டியை விட முக்கியமான ஆட்டமாக இதையே கருதுகிறேன். தொடக்கத்திலேயே கானாவுக்குப் பெனால்டி. அசமோவா ஜியான் உதைத்தார், ம்வீனே பாய்ந்து தடுத்தார். பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பந்து பெரும்பாலும் கானாவிடமே இருந்தது. ஜாம்பியா கலங்காமல் தன் பகுதியில் இரண்டு வரிசையாக நின்று, நடுவழியை அடைத்து, பக்கவாட்டில் மட்டும் இடம் விட்டது. 78-ஆவது நிமிடத்தில், மாற்று வீரராக வந்த மயூகா பெனால்டி பெட்டியின் விளிம்பில் பந்தை வாங்கித் திரும்பி வளைத்து அடித்தார். 1-0. பந்தை வைத்திருப்பவனுக்கு அவசரம் வரட்டும் என்று காத்திருக்கும் இந்தப் பொறுமைதான் நான்கு நாள் கழித்து மீண்டும் கைகொடுத்தது.

லிப்ரவில்லில் இறங்கியதும் அணி கடற்கரைக்குப் போனது. கலூஷாவும் உடன் இருந்தார். விபத்து நடந்த இடத்தை நோக்கி நின்று பாடினார்கள், மலர்களைக் கடலில் விட்டார்கள். அதன் பிறகு பயிற்சிக்குப் போனார்கள்.

120 நிமிடங்கள்

ஐவரி கோஸ்ட் அதுவரை ஐந்து ஆட்டங்களையும் வென்றிருந்தது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. பயிற்சியாளர் ஃபிரான்சுவா சாஹூயி அணியைக் கட்டியிருந்த விதம் அப்படி: சோகோரா, டியோட்டே, யாயா டூரே மூவரும் நடுக்களத்தைப் பூட்டிவிடுவார்கள், முன்னால் யாராவது ஒருவர் ஒரு கோல் அடிப்பார், அது போதும். வெற்றி தரும் முறைதான். ஆனால் கோல் வராத நாளில் இந்த அணிக்கு வேறு வழி தெரியாது.

இரண்டாவது நிமிடத்திலேயே ஜாம்பியா தன் எண்ணத்தைக் காட்டியது. கார்னரை நேராகப் பெட்டிக்குள் தூக்கிப் போடாமல், பயிற்சியில் வகுத்திருந்த குறுகிய ஆட்டத்தால் சின்கலாவுக்கு வழி திறந்தார்கள். ஐவரி கோஸ்டின் கோல்கீப்பர் பாரி காலால் தடுத்தார். ட்ரோக்பாவும் கோலோ டூரேயும் இருக்கும் அணியோடு காற்றில் மோதிப் பயனில்லை. இவர்கள் தரையில்தான் ஆடப்போகிறார்கள் என்பது புரிந்தது.

12-ஆவது நிமிடத்தில் இடது தற்காப்பு வீரர் முசோண்டா காயப்பட்டு, அழுதுகொண்டே வெளியேறினார். இத்தகைய இழப்பில் சிறிய அணிகள் குலைந்துவிடும். முலேங்கா உள்ளே வந்தார், வரிசை சிதையவில்லை. சுன்சுவும் ஹிமூண்டேயும் நடுவில் ட்ரோக்பாவைப் பந்தோடு திரும்பவிடாமல் முதுகோடு ஒட்டியே நின்றார்கள். முதல் பாதியில் யாயா டூரேக்கு ஒரு நல்ல வாய்ப்பு. பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

70-ஆவது நிமிடம் ஆட்டத்தின் முதுகெலும்பு. ஜாம்பியாவின் சான்சா ஜெர்வினோவைத் தடுக்கிவிட, நடுவர் பதாரா டியாட்டா பெனால்டி கொடுத்தார். நடுவரும் செனகல் நாட்டவர். ட்ரோக்பா ஓடிவந்து உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே வெகு உயரத்தில் பறந்தது. இதில் ஜாம்பியாவின் திறமை எதுவும் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும். அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அன்று அது இந்த ஒரு நொடியில்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஐவரி கோஸ்ட் பயந்ததும் ஜாம்பியா துணிந்ததும் அதிர்ஷ்டக் கணக்கில் வராது. 87-ஆவது நிமிடத்தில் சாஹூயி யாயா டூரேயை வெளியே எடுத்து போனியை இறக்கினார். கூடுதல் நேரமும் ஷூட் அவுட்டும் காத்திருக்கையில் அணியின் மிக அமைதியான வீரரை வெளியே உட்காரவைத்த அந்த முடிவு எனக்கு இன்றும் விளங்கவில்லை. கூடுதல் நேரத்தில் நெருங்கி வந்ததும் ஜாம்பியாதான். ஃபெலிக்ஸ் வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை அண்ணன் கிறிஸ் தட்டிவிட, பாரியின் விரலில் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியது.

பதினெட்டு உதைகள்

ஐவரி கோஸ்ட் முதலில் உதைத்தது. டியோட்டே, கோல். கிறிஸ் கடோங்கோ, கோல். போனி, மயூகா. மூன்றாவதாக வந்த பாம்பாவின் உதையை ம்வீனே தடுத்துவிட்டார். ஆனால் அவர் கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டதாக நடுவர் மறுபடி உதைக்கச் சொன்னார், இம்முறை பாம்பா தவறவில்லை. பிடித்த வெற்றியைக் கையிலிருந்து பிடுங்கியது போன்ற தருணம். நரம்பு அறுந்து போக இதைவிடக் காரணம் வேண்டாம். சான்சா அமைதியாக வந்து கோலடித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் பெனால்டிக்குக் காரணமாக இருந்தவர் அவர்.

கிராடெல், ஃபெலிக்ஸ். ஐந்தாவதாக ட்ரோக்பா, இம்முறை பந்து வலைக்குள். தவறினால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில் ஜாம்பியாவின் ஐந்தாவது உதைக்கு வந்தவர் கோல்கீப்பர் ம்வீனே. இது வீரத்துக்காக எடுத்த திடீர் முடிவாக எனக்குத் தோன்றவில்லை. ம்வீனே பெனால்டி உதைப்பதில் கைதேர்ந்தவர். அடுத்த ஆண்டு இதே கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக ஆட்ட நேரத்திலேயே பெனால்டியில் கோலடித்தார். 2010-இல் எதிரணிக் கோல்கீப்பரின் உதையில் வெளியேறிய அணி, இரண்டு ஆண்டு கழித்துத் தன் கோல்கீப்பரை நம்பி உயிர் பிழைத்தது. தியெனே, சின்கலா. யா கோனான், லுங்கு. 7-7.

நடுவட்டத்தில் ஜாம்பிய வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து, சிலர் மண்டியிட்டு, பாடிக்கொண்டிருந்தார்கள். கோலோ டூரே வந்தார், ம்வீனே தடுத்தார். இப்போது கோலடித்தால் கோப்பை. கலாபா அடித்தது கம்பத்துக்கு மேலே போனது. பிறகு ஜெர்வினோ, அதுவும் மேலே. அடுத்து 22 வயது சுன்சு. பாடிக்கொண்டே நடந்து வந்தார், பந்தை வைத்தார், உதைத்தார். 8-7.

ரெனார், நடக்க முடியாமல் இருந்த முசோண்டாவைக் கைகளில் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் இறக்கிவிட்டார்.

எது வென்றது, எது நிற்கவில்லை

இரு அணிக்கும் ஒன்பதாவது உதை வரை போன இந்த முடிவு வேறு மாதிரியும் போயிருக்கலாம். ஐவரி கோஸ்ட் அந்தப் போட்டி முழுவதும் ஒரு கோல்கூட வாங்காமல் கோப்பை இல்லாமல் திரும்பியது. 2015 வரை அவர்கள் ஆடிய நான்கு இறுதிப் போட்டிகளும் (1992, 2006, 2012, 2015) 0-0 என்றே முடிந்து பெனால்டிக்குப் போயின என்பது அந்த அணியின் இயல்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஜாம்பியா ஐவரி கோஸ்டை விடச் சிறந்த அணி என்று நான் வாதிடமாட்டேன். அந்த மூன்று வாரங்களில் அது தன்னை நன்றாக அறிந்திருந்த அணி. தன்னால் முடியாததை முயலவில்லை, முடிந்ததை மூச்சிருக்கும்வரை செய்தது. ஷூட் அவுட்டில் நிற்கக் கற்றுக்கொண்டது 2010 தோல்வியில். கலூஷா தலைமைப் பதவியில் இருந்து ரெனாரைத் திரும்ப அழைத்தது நிர்வாக முடிவு. இவை எல்லாவற்றையும் செய்தவர்கள் உயிரோடு இருந்த மனிதர்கள்.

வெற்றி தொடரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில் நடப்புச் சாம்பியன் ஜாம்பியா மூன்று ஆட்டங்களையும் டிரா செய்து முதல் சுற்றோடு வெளியேறியது. 2015-இலும் முதல் சுற்றுதான். அதன் பிறகு தொடர்ந்து மூன்று போட்டிகளுக்குத் தகுதியே பெறவில்லை. ஒரு தலைமுறையின் பழக்கத்தில் கட்டப்பட்ட அணி அது. அந்தத் தலைமுறை வயதானபோது, கீழே இளைஞர்களை வளர்க்கும் கிளப்புகளுக்குச் சுரங்கக் காலத்துப் பணம் திரும்பி வந்திருக்கவில்லை. ரெனாரோ 2015-இல் ஐவரி கோஸ்டுக்குப் பயிற்சியாளராகி, கானாவுக்கு எதிராக, மறுபடியும் பெனால்டியில், கோப்பை வென்றார். இரு வேறு நாடுகளுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கித் தந்த முதல் பயிற்சியாளர் அவர். அந்த இரவில் கடைசி உதையை அடித்து முடித்துவைத்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் லிப்ரவில்லில் சுன்சுவின் பந்தைத் தடுக்க முடியாமல் விழுந்து கிடந்த அதே கோல்கீப்பர் பூபகார் பாரி.